கூண்டுப் பறவைக்குக் குளியல்: மருந்து அடித்த தெளிப்பானைத் தொடாதீர்கள்!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மாட்டுத் தொழுவத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். எருமையைக் குட்டையில் இறக்கி விடுகிறோம். கோழிக் கொட்டகையின் கூரையில் தென்னங்கீற்றைப் பரப்பி நனைத்து வைக்கிறோம். ஆனால், திண்ணையில் தொங்கும் கூண்டுக்குள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் லவ் பேர்ட்ஸை என்ன செய்வது என்று பலருக்கும் தெரிவதில்லை. 'பாவம், சூடு தாங்கவில்லையே' என்று ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றுகிறோம். அல்லது கைக்கு எட்டிய தெளிப்பானை எடுத்து அடிக்கிறோம். அதே தெளிப்பானில் போன வாரம் கத்திரிச் செடிக்கு மருந்து அடித்தது, பறவை சுருண்டு விழுந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் பட்ஜரிகர், கொண்டை வைத்த காக்டெயில், வண்ண வண்ணமான ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் ஆகியவை இன்று கிராமத்து வீடுகளிலும் வளர்கின்றன. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு ஜோடி, பெருகிப் பெருகி, குஞ்சு விற்பனையில் கைச்செலவுக்குக் காசு தருவதும் உண்டு. கோழிக்கும் ஆட்டுக்கும் பழகிய கையோடு இவற்றைக் கையாளும்போதுதான் தவறு நேர்கிறது. ஒரு பட்ஜரிகரின் எடை 30 முதல் 40 கிராம். அதாவது, ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை. காக்டெயில் 100 கிராம் அளவில் இருக்கும். கோழி தாங்கும் குளிரை, நனைப்பை, மருந்தை இந்தச் சிறிய உடம்பு தாங்காது. குளியல் இவற்றுக்கு நல்லதுதான். ஆனால், முறை தெரிந்து செய்ய வேண்டும்.

பச்சைக்கிளி வளர்க்கக் கூடாது

முதலில் ஒரு சட்டத் தகவல். நம் வயலிலும் தென்னந்தோப்பிலும் கூட்டமாக வந்து போகும் பச்சைக்கிளி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை. அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். மரப்பொந்தில் இருந்து எடுத்த குஞ்சாக இருந்தாலும் இதுதான் சட்டம். உங்கள் வீட்டில் இருந்தால் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் தெரிவித்து ஒப்படைத்து விடுங்கள். நீங்களாகவே கூண்டைத் திறந்துவிட வேண்டாம். மனிதர் கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது. காகம், பூனையிடம் இருந்து தப்பவும் தெரியாது.

வெளிநாட்டு இனங்களிலும் சன் கனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்துள்ளன. வாங்கும்போதே விற்பவரிடம் உரிய ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் முறைகள், சட்டப்படி வளர்க்கக்கூடிய பறவைகளுக்கானவை.

குளியல் ஏன் தேவை?

கூண்டில் உதிர்ந்து கிடக்கும் ஓர் இறகை எடுத்து, அதன் ஓரத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். பிறகு, அடியில் இருந்து நுனி நோக்கி நீவி விடுங்கள். பிரிந்த இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு கொக்கிகள் இருப்பதே காரணம். பறவை நாள் முழுவதும் அலகால் இறகைக் கோதுவது இந்தக் கொக்கிகளைச் சேர்த்துவைக்கத்தான். வாலின் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, அந்த எண்ணெயை இறகெங்கும் பூசிக்கொள்ளும். காக்டெயிலின் உடம்பில் மாவு போன்ற வெள்ளைத் தூளும் உண்டு. ஆரோக்கியமான பறவையின் மேல் விழும் நீர்த்துளி, தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டோடுவதற்கு இவைதான் காரணம்.

குளியல், இறகில் படிந்த தூசியையும் எச்சத்தையும் இளக்குகிறது. நனைந்த பறவை உடனே இறகைக் கோதத் தொடங்கும். இறகு உதிர்க்கும் காலத்தில் புது இறகுகள் முள் போல உறைக்குள் இருந்து முளைக்கும். அப்போது ஏற்படும் அரிப்பை ஈரம் தணிக்கும். உறையும் இளகி எளிதாக உதிரும். அடைத்த அறையில் நிறைய காக்டெயில் வைத்திருப்போருக்கு இன்னொரு பயனும் உண்டு. காற்றில் பறக்கும் அந்த வெள்ளைத் தூள் குறையும். ஆண்டுக்கணக்கில் இந்தத் தூளைச் சுவாசிப்பவர்களில் சிலருக்கு, ஒவ்வாமையால் நுரையீரல் பாதிக்கப்படுவது உண்டு.

மூன்று எளிய முறைகள்

குளிப்பாட்டுவது என்றால் பறவையைப் பிடித்துத் தண்ணீரில் முக்குவது என்று பொருள் அல்ல. தண்ணீரை நாம் வைக்க வேண்டும். குளிப்பதைப் பறவை பார்த்துக்கொள்ளும்.

1. ஈரக் கீரை: பட்ஜரிகருக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த இந்தப் பறவை, பனி படிந்த புல்லில் உடம்பைத் தேய்த்து நனைத்துக்கொள்ளும் பழக்கம் உடையது. கொத்தமல்லித் தழை, முருங்கைக் கொழுந்து, அறுகம்புல் ஆகியவற்றில் ஒன்றை நன்றாகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூண்டின் உட்புறம் கட்டி விடுங்கள். இலைகளுக்குள் புகுந்து புரண்டு, தானே நனைந்துகொள்ளும். பறவை அந்த இலையைத் தின்னவும் செய்யும் என்பதால், மருந்து அடித்த வயலில் பறித்த கீரை கூடவே கூடாது. வீட்டுத் தோட்டத்தில் மருந்து இல்லாமல் வளர்ந்ததையே பயன்படுத்துங்கள்.

2. மண் தட்டு: பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு இதற்கு மிகவும் ஏற்றது. கனமாக இருப்பதால் கவிழாது. சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது. பட்ஜரிகருக்கு ஒரு செ.மீ., காக்டெயிலுக்கு இரண்டு செ.மீ. ஆழம் தண்ணீர் போதும். உட்காரும் குச்சிக்கு நேர் கீழே வைத்தால் எச்சம் விழும். சற்றுத் தள்ளி வையுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விட்டுவைத்தால், எச்சம் கலந்த அதே தண்ணீரைப் பறவை குடிக்கும். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் கொசு முட்டையிடும். டெங்கு உங்களுக்கு, கொசுவால் பரவும் அம்மை நோய் பறவைக்கு.

3. தூறல் போலத் தெளித்தல்: காக்டெயிலுக்கும் கனூருக்கும் இது பிடிக்கும். மெல்லிய பனித்துளி போலத் தெளிக்கும் புதிய பாட்டிலை வாங்குங்கள். ஒன்றரை அடி தூரத்தில் இருந்து, பறவையின் தலைக்கு மேலே காற்றில் தெளியுங்கள். துளிகள் தூறலாக இறங்கி உடம்பில் விழ வேண்டும். முகத்துக்கு நேராகப் பீய்ச்சக் கூடாது. மூக்குத் துளை வழியே தண்ணீர் உள்ளே போனால் நுரையீரல் பாதிக்கும். குழாய்த் தண்ணீரின் வேகமும் ஆகாது.

குளியல் பிடித்திருந்தால் பறவை சிறகை விரித்துத் தாழ்த்தும், இறகைச் சிலிர்க்கும், தலையை ஆட்டி இங்கும் அங்கும் திரும்பி நனையும். இறகை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு மூலைக்கு ஓடினாலும், கத்தினாலும், கம்பியில் மோதினாலும் உடனே நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் ஈரக் கீரையில் இருந்து தொடங்குங்கள். பழகுவதற்குச் சில பறவைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரம் வேண்டாம்.

எப்போது, எத்தனை முறை?

சாதாரண நாள்களில் வாரத்துக்கு இரண்டு முறை போதும். சித்திரை, வைகாசி வெயிலில் பறவை விரும்பினால் தினமும் தட்டு வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை, வெயில் எட்டிப்பார்க்கும் நாளாகப் பார்த்து வைத்தால் போதும்.

நேரம் முக்கியம். காலை 9 மணிக்கு மேல், பகல் 12 மணிக்குள் குளியலை முடித்துவிடுங்கள். பறவை பொழுது சாய்வதற்குள் முழுவதுமாகக் காய்ந்துவிட வேண்டும். உடம்பு சிறியதாக இருக்கும் உயிருக்கு வெப்பம் விரைவாக வெளியேறும். பறவையின் உடல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸுக்கும் மேல். ஈர இறகோடு இரவு முழுவதும் அடைந்தால் அந்தச் சூட்டைத் தக்கவைக்க முடியாமல் நோயில் விழும்.

தண்ணீர் கைக்குக் குளிர்ச்சியாகவோ சூடாகவோ தெரியாத பதத்தில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர் ஆகாது. கோடைப் பகலில் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீரும் ஆகாது. குழாயைத் திறந்ததும் கை சுடும் அளவுக்கு அது காய்ந்திருக்கும். ஒரு பாத்திரத்தில் பிடித்து நிழலில் ஆறவைத்து எடுங்கள். உப்பு அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் இறகில் வெண்மையாகப் படியும் என்பதால், நாம் குடிக்கும் தண்ணீரையே பறவைக்கும் வையுங்கள்.

தெளிப்பானில் இருக்கும் எமன்

விவசாயிகள் வீட்டில் இதுதான் பெரிய ஆபத்து. குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. பறவையின் நரம்பையும் அவை அதே விதத்தில்தான் தாக்குகின்றன. 'மூன்று முறை கழுவிவிட்டேன்' என்பது இங்கே செல்லாது. தெளிப்பானின் குழாய், வாஷர், முனைத் துளை ஆகியவற்றில் மருந்து தங்கியிருக்கும். 35 கிராம் எடையுள்ள பறவைக்குக் கொஞ்சமே போதும். களைக்கொல்லி, இலைவழி உரம் அடித்த தெளிப்பானும் வேண்டாம். மருந்து வந்த காலி டப்பாவில் தண்ணீர் வைப்பதும் கூடாது.

இன்னொரு தவறு, பேன் மருந்து. ஆட்டுக்கு உண்ணி போக நனைக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் கரைசலில் மீதம் இருப்பதைக் கூண்டுப் பறவைக்கும் தெளித்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆட்டுக்கு உடம்பின் மேல் படும் மருந்து, பறவைக்கு வயிற்றுக்குள் போகிறது. நனைந்த பறவை அலகால்தானே இறகைக் கோதும்? பட்ட மருந்தை எல்லாம் நக்கி விழுங்கிவிடும். கூண்டின் காலில் எறும்பு சாக்பீஸால் கோடு போடுவதும் இதே வகை ஆபத்துதான். அதற்குப் பதிலாக, கூண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிறு கிண்ணங்களில் நிறுத்தி, தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

பட்ஜரிகரின் அலகைச் சுற்றியும் காலிலும் தேன்கூடு போலப் பொருக்கு கட்டினால் அது அழுக்கு அல்ல; தோலைத் துளைக்கும் சிற்றுண்ணி. எத்தனை குளியல் போட்டாலும் அது போகாது. இதற்குக் கால்நடை மருத்துவர்கள் ஐவர்மெக்டின் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தில் ஒரு சொட்டு வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வழக்கமான அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 மில்லிகிராம். 35 கிராம் பறவைக்கு 0.007 மில்லிகிராம்தான் வரும். ஒரு சதவீத ஊசி மருந்தின் ஒரு சொட்டிலோ ஏறக்குறைய 0.5 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது, வேண்டியதைப் போல 70 மடங்கு! மருத்துவர் அதை உரிய முறையில் நீர்க்கச் செய்து, பறவையை எடைபோட்டுத் தருவார். அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம்

நம் தலைக்குப் போடும் ஷாம்பும் சீயக்காயும் பறவைக்குத் தேவை இல்லை. சோப்பு நுரை, இறகின் இயற்கை எண்ணெயைக் கழுவிவிடும். பிறகு, தண்ணீர் உருண்டோடாமல் தோல் வரை இறங்கும், பறவை நடுங்கும். வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவினால் இறகின் இழைகள் ஒட்டிக்கொண்டு, உடல் சூட்டைக் காக்கும் தன்மையை இழந்துவிடும். மஞ்சள் தண்ணீரும் கற்பூரமும்கூட வேண்டாம். வெறும் தண்ணீரே போதும்.

எலிக்கு வைத்த பசையிலோ எண்ணெய்ச் சட்டியிலோ பறவை விழுந்துவிட்டால், தானாகப் பிய்த்து எடுக்காதீர்கள். துணியில் தளர்வாகச் சுற்றி, கதகதப்பாக வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மார்பை அழுத்தினால் மூச்சு நிற்கும்

நமக்கு மூச்சு விட உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அது இல்லை. மார்பு எலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். கோழியைப் பிடிப்பது போல மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தும் பறவை மூச்சு முட்டிச் செத்துவிடும். 'குளிப்பாட்டும்போதே கையில் செத்துவிட்டது' என்று சொல்லப்படும் சாவுகளில், தண்ணீரைவிட இந்தப் பிடி காரணமாக இருக்கலாம்.

பிடித்தே ஆக வேண்டும் என்றால், மெல்லிய பருத்தித் துணியால் மூடி எடுங்கள். முதுகு உள்ளங்கையில் படும்படி வைத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தலையின் இரு பக்கமும் தாடையை ஒட்டி இருக்கட்டும். மார்புப் பக்கம் அழுத்தம் இல்லாமல் விடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம். பிள்ளைகள் கையில் கொடுத்துக் குளிப்பாட்டச் சொல்லாதீர்கள்.

காயவைப்பது எப்படி?

குளித்த பறவை உடம்பை உதறி, இறகைக் கோதித் தானே காய்ந்துகொள்ளும். நாம் செய்ய வேண்டியது, காற்றடி இல்லாத இடத்தில் கூண்டை வைப்பதுதான். மின்விசிறிக்கு நேராக வைக்கக் கூடாது. இளவெயில் படும் இடத்தில் வைக்கலாம். ஆனால், கூண்டின் பாதி நிழலில் இருக்க வேண்டும். சூடு போதும் என்றால் பறவை நிழலுக்கு நகர்ந்துகொள்ளும். உச்சி வெயிலில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டால் திரும்பி வரும்போது உயிர் இருக்காது.

முடி உலர்த்தும் கருவி வேண்டாம். அதன் சூடு தோலைப் புண்ணாக்கும். சில கருவிகளின் உள்ளே ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கும் அதே வகைப் பூச்சு உண்டு. அது அதிகமாகச் சூடானால் வரும் புகை நம்மை விடப் பறவையை மிக விரைவில் கொல்லும். அந்தத் தோசைக்கல்லை வெறுமனே காயவிடும் அடுப்படியிலும் கூண்டை வைக்காதீர்கள்.

யாருக்குக் குளியல் கூடாது?

* இறகு முழுவதும் வளராத குஞ்சுகள்.
* இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் மூடி, கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கும் நோய்ப் பறவைகள்.
* மூக்கில் நீர் வடியும், மூச்சோடு வால் ஏறி இறங்கும் பறவைகள்.
* புதிதாக வாங்கி வந்தவை. ஒரு வாரம் இடம் பழகட்டும்.
* காயம் பட்டு ரத்தம் கசியும் பறவைகள்.

அடைகாக்கும் பெட்டைக்கு மண் தட்டு வைக்கலாம். வேண்டுமானால் அதுவே இறங்கி வந்து நனையும். கூட்டுப் பானைக்குள்ளோ அடைப்பெட்டிக்குள்ளோ தண்ணீர் தெளிக்கக் கூடாது. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, முட்டையும் குஞ்சும் வீணாகும்.

வெயிலில் மயங்கினால்

பறவைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து வேகமாக மூச்சு விட்டும், சிறகை உடம்பில் இருந்து விலக்கி வைத்தும்தான் சூட்டைத் தணிக்கும். இந்த அறிகுறியைக் கண்டால் கூண்டை உடனே நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். சாதாரணத் தண்ணீரால் காலை நனையுங்கள். இறகின் மேல் லேசாகத் தெளியுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். திடீர்க் குளிர்ச்சி உயிருக்கே ஆபத்தாகும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்தால் அதுவே நக்கிக்கொள்ளும். தேறவில்லை என்றால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் கூண்டு வைத்திருப்போர், கோடையில் இடத்தை மாற்றுவதே முதல் மருத்துவம்.

கூண்டும் கையும் சுத்தமா?

பறவை குளித்து முடித்ததும் கூண்டின் அடித்தட்டை மாற்றுங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டினால் தூசி பறக்கும். கிளி இனப் பறவைகளிடம் இருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல், பெரும்பாலும் இந்தத் தூசி வழியேதான் நுரையீரலுக்குள் போகிறது. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பறவை வளர்க்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் விடாமல் இருந்தால், மருத்துவரிடம் 'வீட்டில் கிளி வளர்க்கிறோம்' என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை சரியான சிகிச்சைக்கு வழிகாட்டும்.

இன்றே செய்ய ஒரு வேலை

கிராமங்களுக்குச் செல்லும் விரிவாக்கப் பணியாளர்கள், கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போடும் நாளில் திண்ணைக் கூண்டையும் ஒரு பார்வை பார்த்து, தெளிப்பான் விஷயத்தை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டாருக்கு ஒரு வேலை: மருந்து அடிக்கும் தெளிப்பான்கள் எல்லாவற்றிலும் சிவப்புத் துணி கட்டி, பூட்டிய இடத்தில் வையுங்கள். பறவைக்கென்று வாங்கும் புதிய பாட்டிலைக் கூண்டின் அருகிலேயே மாட்டுங்கள். ஒரு சிறு பாட்டிலும் ஒரு மண் தட்டும் பெரிய செலவு இல்லை. நாளைக் காலை தட்டில் தண்ணீரை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். முதலில் அலகால் தொட்டுப் பார்க்கும். பிறகு ஒரு காலை வைக்கும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.